பழைய வீட்டுக் கணப்படுப்பில் இன்செர்ட்: எங்கிருந்து தொடங்குவது?

செங்கல்வீடு:

வணக்கம். நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல் ஆகிறது. முன்னறையில் செங்கல்லால் கட்டிய திறந்த கணப்படுப்பு இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் விறகை மூட்டி ஒரு மணி நேரம் ஆன பிறகும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு முழங்கால் சுடுகிறது, முதுகு குளிர்கிறது. பின்னறைக்குப் போனால் அடுப்பு மூட்டுவதற்கு முன்பைவிடக் குளிர் அதிகமாகத் தெரிகிறது.

அடுப்பு வாய்க்குள் தள்ளிப் பொருத்தும், கண்ணாடிக் கதவு வைத்த இரும்புப் பெட்டிகள் கிடைக்கின்றன அல்லவா, இன்செர்ட் என்கிறார்களே, அதைப் பார்க்கக் கடைக்குப் போனேன். "வாய் அகலம் மட்டும் சொல்லுங்கள், இரண்டு மணி நேரத்தில் உள்ளே தள்ளிவிட்டுப் போய்விடுவோம்" என்றார்கள். அவ்வளவு எளிதாகச் சொன்னதுதான் எனக்குத் தயக்கத்தைத் தந்தது.

அடுப்பு வாய் 82 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். ஆழம் 48 செ.மீ. அறை 5 மீட்டருக்கு 4.5 மீட்டர், கூரை 3 மீட்டர் உயரம். விறகா, எரிவாயுவா, மின்சாரமா? எத்தனை கிலோவாட்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாடைக்காற்று:

பின்னறை குளிர்வது உங்கள் பிரமை அல்ல. திறந்த அடுப்பு எரிவதற்குத் தேவையான காற்றைப்போலப் பல மடங்கு காற்றை அறையிலிருந்து இழுத்துப் புகைபோக்கி வழியே வெளியே தள்ளுகிறது. போன காற்றுக்கு ஈடாக வெளிக்குளிர் ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் நுழைகிறது. விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அறைக்குள் தங்கினாலே பெரிது. மூடிய இன்செர்ட்டில் காற்று அளவாகத்தான் உள்ளே போகிறது. நல்ல மாதிரிகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் வெப்பம் வீட்டுக்கு வருகிறது.

கரித்துண்டு:

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைபோக்கி வேலை பார்க்கிறேன். செங்கல்வீடு, உங்கள் தயக்கம் சரியானது. கடைக்காரர் கேட்டது அடுப்பு வாயின் அகலத்தை. அவர் கேட்டிருக்க வேண்டியது புகைபோக்கியைப் பற்றி. அதைப் பார்க்காமல் எந்தப் பெட்டியையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். திறந்த அடுப்பிலிருந்து சூடான புகை ஏராளமான காற்றோடு கலந்து வேகமாக மேலே ஏறும். அதற்காகவே பழைய புகைவழிகளை அகலமாகக் கட்டினார்கள். இன்செர்ட்டின் புகை அளவில் குறைவு, சூடும் குறைவு, வேகமும் குறைவு. பெரும்பாலான விறகு இன்செர்ட்டுகளின் புகை வாய் 15 செ.மீ. விட்டம்தான், அதாவது ஏறக்குறைய 177 சதுர செ.மீ. பழைய புகைவழி 30-க்கு 30 என்று வைத்துக்கொண்டால் 900 சதுர செ.மீ. ஐந்து மடங்கு அகலமான குளிர்ந்த குகைக்குள் அந்தச் சிறு புகையை விட்டால், பாதி வழியிலேயே சூடு தணிந்து சுவரில் படிகிறது. புகையின் சூடு ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அதிலிருக்கும் ஆவிகள் தார் போன்ற கீலாகக் குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும். கிரியோசோட் என்பது அதுதான். முதலில் தூள், பிறகு பொருக்கு, கடைசியில் கறுப்புக் கண்ணாடி போன்ற பூச்சு. அந்தக் கடைசி நிலையைத் தூரிகையால் தேய்த்து எடுக்க முடியாது. அது முழுக்க எரிபொருள்.

எனவே இன்செர்ட்டின் புகை வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை ஒரே குழாய் போக வேண்டும். அதை லைனர் என்கிறோம். விறகுக்கு 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு. அலுமினியக் குழாய் எரிவாயுவுக்கு மட்டுமே. விறகுக்கு அதைப் போட யாராவது முன்வந்தால் அந்த ஆளையே மாற்றுங்கள். உங்களுடையது வீட்டின் வெளிச்சுவரில் ஏறும் புகைபோக்கியானால் லைனரைச் சுற்றிப் பீங்கான் இழைக் கம்பளி கட்டாயம் வேண்டும். உட்சுவரில் ஏறினாலும், பழைய கட்டடம் என்றால் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புகைவழியை மூடித் திறக்கும் பழைய தகடு, அதாவது டேம்பர், இருக்கும் மட்டத்தில் ஓர் எஃகுத் தகடு வெட்டி, லைனர் மட்டும் நுழையும்படி துளையிட்டு, விளிம்பையெல்லாம் அடைத்து, அதன் மேல் இழைக் கம்பளி பரப்ப வேண்டும். இல்லையென்றால் இன்செர்ட்டின் முதுகிலிருந்து வரும் சூடு முழுவதும் லைனருக்கு வெளியே, வெறும் செங்கல்லுக்குள் ஏறி வீணாகும். முன்னால் மாட்டும் அலங்காரச் சட்டம் இதற்கு மாற்றாகாது, அது கண்ணுக்கு மட்டும்தான்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: அடுப்பு குளிர்ந்திருக்கும்போது உள்ளே பழைய செய்தித்தாளை விரியுங்கள். ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்து மேலே பாருங்கள். செங்கல் இணைப்புகளில் காரை இருக்கிறதா, பள்ளமாகியிருக்கிறதா? மறுநாள் காலை செய்தித்தாளில் என்ன உதிர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மேலைச்சாளரம்:

எதிர்க்கருத்து சொல்வதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடும் பழையது. முந்தைய உரிமையாளர் பொருத்திய இன்செர்ட் பதினோரு ஆண்டுகளாக எரிகிறது. லைனர் இல்லை, தகடும் இல்லை. புகை அதன் பாட்டில் போகிறது. இவ்வளவு வேலையைப் பட்டியலிட்டால் நடுத்தரக் குடும்பம் எதையுமே செய்யாமல் குளிரில்தான் இருக்கும். செலவைப் பாதியாகக் குறைக்க வழி இருந்தால் அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

கரித்துண்டு:

மேலைச்சாளரம், செலவுக் கவலை எனக்கும் புரிகிறது. கடைசியாக எப்போது இன்செர்ட்டை வெளியே இழுத்து, அதற்குப் பின்னாலும் மேலேயும் துடைத்தீர்கள்? லைனர் இல்லாத அமைப்பில் தூரிகையால் தள்ளிய கரியெல்லாம் இன்செர்ட்டின் தலையிலும் முதுகிலும்தான் விழும். பெட்டியை இழுக்காமல் அதை எடுக்க முடியாது.

நெருஞ்சி:

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். மேலைச்சாளரத்தின் பதிவைப் படித்த பிறகு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. லைனர் இல்லை, ஒன்பது ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் இரவு சாப்பிட்டு முடித்தபோது சுவருக்குள்ளிருந்து ஓர் ஓசை வந்தது. பெரிய வாகனம் ஒன்று வாசலில் நின்று உறுமுவதைப்போல. வெளியே ஓடிப் பார்த்தால் புகைபோக்கி உச்சியில் ஓர் ஆள் உயரத்துக்குத் தீ. காற்று வரும் வழியையெல்லாம் மூடிவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிவந்தோம், தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள்தான் முழுதும் தெரிந்தது. மாடியில் அலமாரியை நகர்த்தினோம். அதன் பின்னால் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பூச்சைத் தட்டியபோது, தளத்தைத் தாங்கும் மர உத்தரத்தின் முனை புகைபோக்கிக்குள் செருகப்பட்டிருந்தது தெரிந்தது. அந்த முனை கரியாகியிருந்தது. ஓர் இரவில் கருகியது அல்ல அது. மேல்பரப்பு கரி, அதற்குள் பழுப்பு, அதற்குள் மஞ்சள் என்று அடுக்கடுக்காக இருந்தது. பார்த்த கொத்தனார், பல குளிர்காலங்களாகச் சூடு பட்டுப் பட்டு வெந்த மரம் என்றார். அப்படி வெந்த மரம் சாதாரண மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே தீப்பற்றும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். அந்த உத்தரத்துக்கு நேர் மேலே என் மகளின் கட்டில் இருந்தது.

பதினோரு ஆண்டுகள் எரிந்தது என்பதற்குப் பதினோரு ஆண்டுகளாகப் படிந்தது என்றும் பொருள் உண்டு. தயவுசெய்து பாருங்கள்.

வாடைக்காற்று:

நெருஞ்சி, எழுதியதற்கு நன்றி. புகைபோக்கித் தீயில் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டக்கூடும். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த செங்கல்லுக்கு அதைத் தாங்கும் வலு இல்லை.

மேலைச்சாளரம்:

படித்தேன். இன்று அடுப்பு மூட்டவில்லை. துப்புரவு செய்பவரை அழைத்திருக்கிறேன். வந்து பார்த்த பிறகு எழுதுகிறேன்.

தணல்மேடு:

செங்கல்வீடு கேட்ட எரிபொருள் கேள்வி அப்படியே நிற்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மின்சார இன்செர்ட்டுக்குப் புகைபோக்கியே வேண்டாம். தீ வெறும் ஒளி, சூடு ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட். சிறிய அறைக்குப் போதும். புகைபோக்கி மிக மோசமாகச் சிதைந்த வீட்டில் இதைவிடப் பாதுகாப்பான தேர்வு கிடையாது. மின்தடையில் பயன்படாது.

எரிவாயுவில் இரட்டைக் குழாய் வகையைப் பாருங்கள். ஒரு குழாய் வெளிக்காற்றை எரியும் இடத்துக்கே கொண்டுவருகிறது, இன்னொன்று புகையை வெளியேற்றுகிறது. இடையில் அடைத்த கண்ணாடி. அறைக்காற்றை அது தொடுவதே இல்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தக் கண்ணாடிக்கு முன் வலைத்தடுப்பு அவசியம். தொட்டவுடன் தோல் கொப்பளிக்கும் சூடு அது. புகைக்குழாயே இல்லாத எரிவாயு வகையும் விற்கிறார்கள். எரிந்து வரும் நீராவியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் அப்படியே அறையில்தான் கலக்கின்றன. முதியவர் உட்காரும் அறைக்கு அது வேண்டாம்.

மரத்தூளை அழுத்திச் செய்த குச்சிகளை எரிக்கும் பெல்லட் வகை சீராக எரியும், சாம்பல் குறைவு. ஆனால் குச்சியை உள்ளே தள்ளும் திருகுக்கும் விசிறிக்கும் மின்சாரம் வேண்டும். சதா ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும்.

விறகு எல்லாவற்றையும்விட அதிக உழைப்பைக் கேட்கும். அடுக்க இடம் வேண்டும், உலர்த்தக் காலம் வேண்டும்.

செங்கல்வீடு:

எல்லோருக்கும் நன்றி. நெருஞ்சியின் பதிவை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். கரித்துண்டு சொன்னபடி செய்தித்தாள் விரித்தேன். காலையில் ஒரு கைப்பிடி மணலும், விரல் நகம் அளவுக் காரைச் சில்லுகளும், சில கறுப்புத் துகள்களும் கிடந்தன. காரையைக் கட்டைவிரலால் அழுத்தினேன், மாவாக உதிர்ந்தது.

எங்களுக்குக் குளிர்காலப் புயலில் மின்சாரம் போவது வழக்கம். பின்கட்டில் விறகு அடுக்க இடமும் இருக்கிறது. அதனால் விறகுதான். எத்தனை கிலோவாட் என்று சொல்லுங்கள். பெரிதாகவே வாங்கிவிட்டால் பின்னறைகளுக்கும் சூடு போகும் அல்லவா?

வாடைக்காற்று:

பெரிதாக வாங்காதீர்கள். தேவைக்கு மீறிய அடுப்பை வாங்கினால் அறை தாங்காது, உடனே காற்றைக் குறைப்பீர்கள், விறகு எரியாமல் புகையும், கண்ணாடி கறுக்கும், லைனரில் கீல் படியும். அளவான அடுப்பு நன்றாகச் சுடர்விட்டு எரிவதே நல்லது. விறகிலிருந்து கிளம்பும் புகை தானாகவே எரிவதற்கு உள்ளே ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். வினையூக்கி வைத்த அடுப்புகளில் அது 260 டிகிரி அளவிலேயே நடக்கும் என்றாலும், அந்த வினையூக்கி தேய்ந்து மாற்ற வேண்டிய பொருள்.

கணக்கு: உங்கள் அறை 67.5 கன மீட்டர். ஓரளவு வெப்பக்காப்பு உள்ள வீட்டில் 14 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட், காப்பு மோசமானால் 10-க்கு ஒன்று என்பது நடைமுறைக் கணக்கு. அதன்படி 5 முதல் 7 வரை வருகிறது. ஜன்னல் இடுக்குகளையும் கூரைக் காப்பையும் முதலில் சரிசெய்தால் 5 கிலோவாட்டே தாராளம். ஓர் அறையில் உற்பத்தியாகும் சூடு திறந்த கதவு வழியே அடுத்த அறைக்கு ஓரளவுதான் போகும், மூலை அறைக்குப் போகாது.

விறகுக்கும் ஒரு கணக்கு. நன்கு உலர்ந்த ஒரு கிலோ விறகில் ஏறக்குறைய 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. 75 சதவீதத் திறனில் 3 கையில் கிடைக்கும். 5 கிலோவாட் அடுப்பை மாலை நான்கு மணி நேரம் எரித்தால் 20 கிலோவாட் மணி, அதாவது ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவான விறகு. குளிர்காலம் முழுவதற்கும் பெருக்கிப் பார்த்து அடுக்கும் இடத்தை முடிவுசெய்யுங்கள்.

ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர்தான். பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட விட்டு ஓராண்டு, கடினமான மரம் என்றால் இரண்டாண்டு. ஈரமானியை விறகின் வெளிப்பக்கத்தில் குத்தி ஏமாந்துவிடாதீர்கள். ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து உட்பக்கத்தில் குத்திப் பாருங்கள்.

கரித்துண்டு:

இனி அளவெடுப்பது. நீங்கள் எழுதியதில் பின்சுவரின் அகலம் இல்லை. பழைய அடுப்புகள் பின்னால் போகப் போகக் குறுகும், பின்சுவர் மேலே முன்னோக்கிச் சாயும். வாயில் 82 செ.மீ. இருந்தாலும் இன்செர்ட்டின் முதுகு போய் நிற்கும் இடத்தில், அதன் தலை உயரத்தில், எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம். அட்டைப்பெட்டியில் இன்செர்ட்டின் அளவுக்கு ஒரு மாதிரி செய்து உள்ளே தள்ளிப் பாருங்கள்.

அடுப்பு வாய்க்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலின் அடிமட்டத்தையும் டேம்பர் துவாரத்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். கம்பளி சுற்றிய 15 செ.மீ. லைனர் 18 செ.மீ. ஆகிவிடும். டேம்பர் சட்டத்தை வெட்டித்தான் நுழைக்க வேண்டியிருக்கும். அடுப்புக்கு முன்னால் உள்ள கல்தளம் எவ்வளவு நீள்கிறது, மேலே மரத் தட்டு இருந்தால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? இவற்றுக்கான இடைவெளியை அந்தந்த மாதிரியின் கையேடு சொல்லும். அதில் ஒரு செ.மீ. கூடக் குறைக்காதீர்கள். வார்ப்பிரும்புப் பெட்டி 150 கிலோவைத் தாண்டலாம், தளம் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

முன்பு நிலக்கரி எரித்த வீடா? அப்படியானால் லைனர் இறக்குவதற்கு முன் பழைய கரியைச் சுத்தமாக வழித்தெடுக்க வேண்டும். நிலக்கரிக் கரியில் கந்தகம் உண்டு. ஈரம் பட்டால் அமிலமாகித் துருப்பிடிக்காத எஃகையே அரிக்கும்.

பழைய அடுப்பைச் சுற்றி வெண்சாம்பல் நிறப் பலகையோ நார்க்கயிறோ இருந்தால் கை வைக்காதீர்கள், உடைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சோதித்த பிறகே தொட வேண்டும்.

ஓவியச்சுவர்:

நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். தொண்ணூறு வயது அடுப்பு அந்த வீட்டின் முகம். அதில் டேம்பரை வெட்டி, செங்கல்லைச் செதுக்கி ஒரு பெட்டியைத் திணிப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். திறந்த அடுப்பையே திருத்தவும் வழி உண்டு. பெஞ்சமின் தாம்சன் என்ற ரம்ஃபோர்டு பிரபு 1796-இல் எழுதிய கட்டுரையிலேயே இதற்கான முறையைச் சொல்லியிருக்கிறார். ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை ஏறும் தொண்டையைக் குறுக்கினார். அறைக்குள் வரும் சூடு கூடியது, புகை குறைந்தது.

வாடைக்காற்று:

ரம்ஃபோர்டு அடுப்பு அருமையானது, மறுக்கவில்லை. ஆனாலும் அது திறந்த அடுப்புதான். மூடிய அடுப்பின் திறனை அது எட்டாது. மின்சாரம் போன இரவில் ஒரு முதியவர் அறையைச் சூடாக வைத்திருக்க வேண்டிய வீடு இது.

ஓவியச்சுவர்:

அதை ஏற்கிறேன். அப்படியானால் ஒரு வேண்டுகோள்: சுற்றியுள்ள செங்கல் முகப்பைச் செதுக்காமல் உள்ளே போகும் சிறிய மாதிரியைத் தேடுங்கள். கழற்றிய டேம்பரையும் சட்டத்தையும் எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள். அடுத்து வருகிறவர் விரும்பினால் பழையபடி ஆக்க முடிய வேண்டும்.

மேலைச்சாளரம்:

சொன்னபடி எழுதுகிறேன். பெட்டியை வெளியே இழுத்தார்கள். அதன் தலையில் ஒரு சாண் உயரத்துக்குக் கரிக்குவியல். மேலே டார்ச் அடித்துக் காட்டினார் அவர். சுவர் முழுவதும் ஈரம் பட்ட தார்ச்சாலையைப்போல மின்னியது. லைனர் போடும் வரை மூட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார். நெருஞ்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நெருஞ்சி:

மூட்டாமல் இருக்கிறீர்களே, அதுவே போதும்.

செங்கல்வீடு:

சில வாரங்கள் கழித்து வருகிறேன். கேமரா இறக்கிப் பார்த்தார்கள். மூன்றாவது மீட்டரில் ஒரு பக்கம் முழுவதும் காரை இல்லை. அதற்கு மேலே பழைய பறவைக்கூடு. உத்தரம் எதுவும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கவில்லை, அதுவரை நிம்மதி. நிலக்கரிக் கரி இருந்தது, இரண்டு நாள் வழித்தார்கள்.

5 கிலோவாட் விறகு இன்செர்ட். பின்சுவர் 54 செ.மீ.தான், அட்டைப்பெட்டி மாதிரி இல்லாமல் போயிருந்தால் தவறான பெட்டியை வாங்கியிருப்பேன். கம்பளி சுற்றிய லைனர் உச்சி வரை, அடியில் தகடு, மேலே தொப்பி. முகப்பில் ஒரு செங்கல்லும் செதுக்கவில்லை. டேம்பர் துணி சுற்றிப் பரணில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை அடுப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி மாட்டியிருக்கிறோம், படுக்கையறையில் இன்னொன்று.

முதல் சில நாள்கள் கையேட்டின்படி சிறு தீயாக எரித்துப் பூச்சைப் பதப்படுத்தினோம். நேற்றுதான் முழுத் தீ. அப்பா அரை மணி நேரத்தில் நாற்காலியைச் சன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார். ஒரே ஒரு சந்தேகம்: கண்ணாடியின் இடது கீழ்மூலை மட்டும் கறுக்கிறது. விறகின் ஈரம் 16 சதவீதம்தான்.

கரித்துண்டு:

விறகு அந்த மூலையில் கண்ணாடியைத் தொடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தொடவில்லை என்றால் கதவு இடுக்கை அடைக்கும் ஓரத்துக் கயிறு அங்கே சரியாக அழுந்தவில்லை. அடுப்பு ஆறிய பிறகு ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தாள் இறுக்கமாக நிற்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. சுற்றிலும் இப்படி ஆறேழு இடத்தில் பாருங்கள். புதுக் கயிறு சில தடவை எரித்த பிறகு அமுங்குவது இயல்பு.

செங்கல்வீடு:

இடது கீழ்மூலையில் மட்டும் தாள் அப்படியே வழுக்கி வந்தது, மற்ற எல்லா இடத்திலும் பிடித்தது. கையேட்டில் தாழ்ப்பாளை முடுக்கும் திருகின் படம் இருந்தது. கால் சுற்று முடுக்கினேன், இப்போது அங்கேயும் தாள் நிற்கிறது. கண்ணாடியை ஈரத்துணியில் சாம்பல் தொட்டுத் துடைத்தாயிற்று. இன்று மாலை மூட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.